எக்ஸுக்கு மூடி போட்ட அண்ணி

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் இலை எடுக்கும் பெண்கள் வேலைக்கு நடுவே அடிக்கடி காதைத் தீட்டிக்கொள்வார்கள். பிள்ளைகளை விட்டுவரும் மேட்டுக் கிரச்சிலிருந்து என் அண்ணி ரோஸ்மேரியின் குரல் வருகிறதா என்று கேட்பார்கள். "வாயத் தொற கண்ணு" என்றால் கஞ்சி நேரம். "எவன்டா மண்ணத் திங்கறது" என்றால் விளையாட்டு நேரம். தன் பிள்ளை திட்டு வாங்குகிறதா, கொஞ்சல் வாங்குகிறதா என்று தெரிந்ததும் இடுப்பை நிமிர்த்திவிட்டு மறுபடி குனிவார்கள். அப்படி ஒரு குரல். வீட்டுக்குள் கேட்டால் காது அடைத்துப்போகும்.

நான் ஷைனா. ரோஸ்மேரியின் வீட்டுக்காரர் நெல்சன் என் கூடப்பிறந்த அண்ணன், எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறார். நானும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் பில் போடும் வேலை. பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்றொன்று வாங்கியவள். இதை நானே சொல்லிக்கொள்ளக் காரணம் உண்டு, வீட்டில் வேறு யாரும் சொல்வதில்லை.

அண்ணிக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது, வேண்டாத மாதா கோயில் இல்லை. பிறகு அந்தப் பேச்சே வீட்டில் நின்றுபோனது. முதலில் இலை எடுக்கப் போய்க்கொண்டிருந்தார். யாரோ லீவு போட்ட நேரத்தில் கிரச்சுக்கு உதவிக்கு அனுப்பினார்கள். போனவர் இலைக்குத் திரும்பவே இல்லை. உடம்பில் ஒரு சுறுசுறுப்பு, முகத்தில் ஒரு களை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு யார் நடந்தான், யாருக்குப் பல் வந்தது என்று அதே பேச்சுத்தான். பல் முளைத்த செய்தியை இவ்வளவு விரிவாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கிரச்சுக்குப் பொறுப்பு வேலாயி அக்கா. சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். கிரச் என்று ஒரு நாளும் சொல்ல மாட்டார், அவருக்கு அது பிள்ளை மடுவம்தான். அவர் ரிடையர் ஆகப்போகிறார் என்று தெரிந்ததும் அடுத்தது ரோஸ்மேரிதான் என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். அண்ணியும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஆபீசிலிருந்து ரவிக்குமார் சார் வந்தார். எஸ்டேட்டின் வெல்ஃபேர் ஆபீசர், நல்ல மனுஷன்.

"ரோஸ்மேரியம்மா, உங்களத்தான் போடோணும்னு எனக்கும் ஆசைங்க. ஆனா பொறுப்புக்கு வர்றவங்க பத்தாவது பாஸ் பண்ணியிருக்கோணும்னு ரூல் இருக்குது. இப்ப குழந்தைங்களும் கம்மி, அதனால இனிமே ஒரே ஆளுதான். மே மாசம் வரைக்கும் நான் தள்ளிப் போடறேன். அதுக்கு மேல என் கையில இல்லைங்க."

அண்ணி பத்தாவது வரை படித்தவர்தான். எல்லாம் பாஸ், கணக்கு மட்டும் ஃபெயில். மே மாதத்துக்குள் கணக்கு எழுதிப் பாஸ் பண்ணினால் கிரச் அவருக்கு. இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருத்தர் வருவார், அண்ணி மறுபடி கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைக் காட்டுக்குப் போக வேண்டும். வேலை போய்விடாது. பிள்ளைகள் போய்விடுவார்கள்.

"அம்மிணி, எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கோணும்" என்று அவர் கேட்டது, நான் மழையில் நனைந்து வந்து சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தபோது. சரி என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க அனுபவித்தேன்.

ஜியாமெட்ரியிலும் கிராஃபிலும் தொந்தரவே இல்லை. துள்ளுகிற பிள்ளைகளுக்கு நகம் வெட்டிப் பழகிய கை, கோடு போட்டால் அச்சடித்த மாதிரி விழும். இயற்கணிதத்துக்கு வந்தோம், வந்தது வினை.

"அண்ணி, இது ஒரு சமன்பாடு. இதுல இருக்கற எக்ஸ் ஒரு மாறி."

"எந்த மாறி?"

"எந்த மாறியும் இல்லீங்க. மாறி."

"அதான் கண்ணு, எந்த மாறின்னு கேக்கறேன்."

நம் பேச்சில் 'மாதிரி'யும் மாறிதான், புத்தகத்துக்கு அது தெரியவில்லை. மதிப்பு மாறுவதால் மாறி என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அண்ணன் போர்வைக்குள் கிடந்து குலுங்கிக்கொண்டிருந்தார். டிராக்டர் ஓட்டுகிறவருக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது.

எக்ஸுடன் ஐந்தைக் கூட்டினால் பன்னிரண்டு, எக்ஸ் எவ்வளவு? இதுதான் முதல் கணக்கு. x + 5 = 12 என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காப்பி போடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அண்ணி எக்ஸை அழகாக ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். கீழே 5 = 12 என்று எழுதி, பக்கத்தில் 'இது தப்பு' என்றும் எழுதியிருந்தார். கொஞ்சம் பெரிதாக ஒன்று கொடுத்தேன், 3x + 4 = 19. அதிலும் எக்ஸ் காலி. 3 + 4 = 19. 'இதுவும் தப்பு.'

"ஏனுங்க அண்ணி எக்ஸை அடிக்கறீங்க?"

"அடிக்கறதுக்குத்தான போட்டிருக்குது?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லோணும்? பாத்தாலே தெரியுதே."

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. எக்ஸை அடிக்கக் கூடாது என்று பெரிதாக எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். அடிக்காமல் விட்டார். ஆனால் எக்ஸைத் தொடாமல், அதைப் பார்க்காமல், பக்கத்தில் இருக்கும் எண்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டார். எதிரி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி எக்ஸிடமிருந்து தள்ளியே உட்கார்ந்திருந்தார்.

விடை கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகும் வழியில். எஸ்டேட் ரோட்டோரம் வரிசையாக சில்வர் ஓக் மரங்கள் நிற்கும். அண்ணி சட்டென்று நின்று உச்சுக்கொட்டினார்.

"பாரு அம்மிணி, இந்த மரத்துக்கெல்லாம் எக்ஸ் போட்டுட்டாங்க. இனி வெட்டீருவாங்க."

மரங்களின் வயிற்றில் சிவப்பு பெயிண்டில் பெரிய பெரிய எக்ஸ். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"அண்ணி, எக்ஸ் போட்டா என்ன அர்த்தம்?"

"போகப்போறதுன்னு அர்த்தம். வெட்டற மரத்துக்குப் போடுவாங்க. இடிக்கற லைன் ஊட்டுக்குப் போடுவாங்க. சின்னப் புள்ளையில இருந்து பாக்கறேனே. எங்க ஊட்டுக் கதவுக்குப் போட்டன்னிக்கு எங்கம்மா அழுதுது."

"பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் எக்ஸை அடிச்சீங்களா?"

"ஆமா. டீச்சரும் என் பேப்பர் பூராவும் எக்ஸ் போட்டுத்தான் குடுத்தாங்க."

ரோட்டில் நின்று நான் சிரித்த சிரிப்பில் பூசைக்கு லேட். சிரித்து முடித்ததும் பாவமாக இருந்தது. சின்ன வயதிலிருந்தே எக்ஸ் போட்டதெல்லாம் விழுவதைப் பார்த்து வளர்ந்தவர் வேறு என்னதான் செய்வார்?

"இது வெட்டற எக்ஸ் இல்லீங்க அண்ணி. உள்ள என்ன இருக்குதுன்னு தெரியாத டப்பா. மூடி போட்டிருக்குது. தொறக்காமயே உள்ள எத்தனைன்னு கண்டுபிடிக்கோணும்."

"அப்ப டப்பான்னே போட்டிருக்க வேண்டீதுதான?" என்று அண்ணி கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று முதல் எங்கள் வீட்டில் எக்ஸ் கிடையாது, டப்பாதான்.

இனிமேல் ஓடிவிடும் என்று நினைத்தேன். அடுத்த நாளே வண்டி படுத்துவிட்டது. டப்பாவோடு மூன்று கூட்டியிருந்தால் அந்த மூன்றைச் சமன் குறிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும், போனால் பிளஸ் மைனஸ் ஆகிவிடும் என்று சொன்னேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

"ஏன் ஆகுது?"

"அக்கட்டால போனா குறி மாறும். அவ்வளவுதான்."

"அதான் யாரு மாத்தறாங்க? நான் ரோட்டுக்கு அக்கட்டால போனா வேற ஆளாயிருவனா?"

"அண்ணி, ரூல் அது. மனப்பாடம் பண்ணுங்க."

"ரூல் ரூல்னு ஆபீஸ்லயும் சொல்றாங்க, நீயும் சொல்ற. எனக்கு ஏன்னு தெரியாம ஒன்னும் பிடிபடாது அம்மிணி."

நான் புத்தகத்தை மூடி அடுப்பு மேடையில் போட்டேன். கொஞ்சம் பலமாகத்தான் விழுந்தது. மறுநாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. "உங்க தங்கச்சிக்கு ரசம் வேணுமான்னு கேளுங்க" என்பார். "வேண்டாம்னு சொல்லுங்க அண்ணா" என்பேன். மூவரும் ஒரே சமையலறையில், ஒருவர் முழங்கால் ஒருவர் மேல் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு. அன்று பார்த்து அண்ணி சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி அண்ணன் என்னைத் துரத்தினார். சண்டை சண்டைதான், ஆனாலும் பேக்கரியிலிருந்து எடுத்து வந்த உடைந்த வர்க்கிப் பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோனேன். ஊட்டி, குன்னூர்ப் பிள்ளைகளுக்கு வர்க்கி என்றால் உயிர். மொறுமொறுவென்று அடுக்கடுக்காக உதிரும்.

கிரச்சில் ஜெனிஸ், பெனிஸ் என்று இரட்டைப் பிள்ளைகள் இருந்தார்கள். இலை எடுக்கும் ஸ்டெபியின் மகன்கள், மூன்று வயது முடியப்போகிறது. இரண்டு பேருக்கும் ஒன்று, இரண்டு சொல்லத் தெரியாது. ஆனால் அடுத்தவன் தட்டில் ஒன்று கூடுதலாக இருந்தால் எப்படியோ தெரிந்துவிடும். அழுகை கூரையைப் பிய்க்கும்.

அண்ணி இரண்டு தட்டில் சமமாக வர்க்கி வைத்தார். பக்கத்தில் இருந்த பெண் குழந்தை ஒன்று ஜெனிஸின் தட்டிலிருந்து ஒன்றைச் சுட்டுவிட்டது. ஜெனிஸ் வாயைத் திறப்பதற்குள் அண்ணியின் கை பெனிஸின் தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்துவிட்டது. வேலாயி அக்கா பாசத்தில் பெனிஸுக்கு இரண்டு போட்டார். அண்ணி அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை, ஜெனிஸுக்கும் இரண்டு விழுந்தது. அழுகை இல்லை, சத்தம் இல்லை.

"அண்ணி, இப்ப என்ன பண்ணுனீங்க?"

சண்டை ஞாபகம் வந்து ஒரு நொடி யோசித்தார், பிறகு பதில் சொன்னார். "என்ன பண்ணுனேன்? ரெண்டு தட்டும் ஒன்னா இருக்கோணும். ஒருத்தனுக்குப் பண்ணுனா இன்னொருத்தனுக்கும் பண்ணோணும். இல்லீன்னா இங்க உக்கார முடியாது."

அவரை அந்தப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். மூடி போட்ட சின்ன டப்பா இரண்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு வர்க்கி போட்டு மூடினேன். ஜெனிஸின் தட்டில் அந்த இரண்டு டப்பாவும் வெளியே மூன்று வர்க்கியும். பெனிஸின் தட்டில் டப்பா இல்லை, பதினோரு வர்க்கி.

"இப்பத் திரும்புங்க. ரெண்டு தட்டும் சமம். ரெண்டு டப்பாவுலயும் ஒரே அளவுதான். தொறக்காம சொல்லுங்க, ஒரு டப்பாவுல எத்தனை?"

அண்ணி தட்டுகளைப் பார்த்தார். ஜெனிஸின் தட்டில் வெளியே கிடந்த மூன்றை எடுத்தார். எடுத்த கையோடு பெனிஸின் தட்டிலிருந்தும் மூன்றை எடுத்தார். ஒரு பக்கம் வெறும் டப்பாக்கள் இரண்டு, இன்னொரு பக்கம் எட்டு வர்க்கி.

"ரெண்டு டப்பாவும் சேந்து எட்டு. அப்ப ஒன்னுல நாலு."

மூடியைத் திறந்தார். நாலு. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்தவர் போல வாயைப் பொத்திக்கொண்டார். தரையில் விரலாலேயே நான் எழுதிக் காட்டினேன், 2x + 3 = 11. இரண்டு பக்கமும் மூன்றை எடு, 2x = 8. இரண்டாகப் பங்கு போடு, x = 4.

"அப்ப இந்த மூணு அக்கட்டால போகவே இல்லையே அம்மிணி. ரெண்டு பக்கமும் எடுத்திருக்கோம். இதையா நீ போச்சு, மாறுச்சுன்னு சொல்லீட்டிருந்தே?"

"இதையேதாங்க" என்றேன், எல்லாம் முன்பே தெரிந்தவள் போல. சரிபார்க்கலாம் என்று டப்பாவின் நாலை மறுபடி போட்டுக் காட்டத் தட்டைத் தேடினால், பெனிஸ் சமன்பாட்டின் வலது பக்கத்தைத் தின்று முடித்திருந்தான்.

அதற்குப் பிறகு சாயங்காலங்கள் நன்றாக ஓடின. வெளியே உறைபனி விழும், நாங்கள் அடுப்படியில் முக்காடு போட்டு உட்கார்ந்து ஜெனிஸ் பக்கம், பெனிஸ் பக்கம் என்று சமன்பாட்டைப் பிரித்துக்கொண்டிருப்போம். மைனஸ் வந்தபோது நான் பயந்தேன். x − 2 = 5. அண்ணி அசரவில்லை.

"டப்பாவுல இருந்து எவனோ ரெண்டத் தின்னுட்டான். திருப்பி வெச்சர்லாம். அக்கட்டாலயும் ரெண்டு வெச்சர்லாம். ஏழு."

ஒன்றுதான் பாக்கி இருந்தது. பரீட்சைத் தாளில் டப்பா என்று போட மாட்டார்கள், எக்ஸ் என்றுதான் இருக்கும். அதைப் பார்த்தால் அண்ணிக்கு இன்னும் கை அடிக்கத்தான் போனது. அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். எழுதும்போது ஒவ்வொரு எக்ஸைச் சுற்றியும் ஒரு சின்னப் பெட்டி போட்டு, மேலே மூடிக்கு ஒரு கோடும் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு எக்ஸ் அடங்கிவிடும்.

தேர்வு குன்னூரில், ஒரு பள்ளிக்கூடத்தில். அண்ணி ஹாலுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து குட்மார்னிங் மிஸ் என்றார்களாம். உட்காருங்க கண்ணு என்று சொல்லிவிட்டுத்தான் தன் நம்பரைத் தேடினாராம். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். வெளியே வந்தவரைக் குடையவேண்டாம் என்று எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"ஒரு எண்ணோட மூணு மடங்குல ஏழைக் கூட்டுனா நாப்பது வருதாம். அது என்னன்னு கேட்டிருந்தாங்க. பதினொன்னு போட்டேன்."

மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். மூன்று பதினொன்று முப்பத்து மூன்று, ஏழு நாற்பது. சரி. "அப்புறம்?"

"ஜியாமெட்ரி, கிராஃப் முடிச்சேன். கடைசிப் பக்கத்துக்குப் போக நேரம் இல்லை."

"நேரம் எங்க போச்சு?"

"டப்பா போட்டதுல போயிருச்சு. ஸ்கேல் வெச்சுப் போட்டேன்."

"ஸ்கேல் வெச்சா?"

"கோணலா இருந்தா மூடி ஒக்காராது அம்மிணி."

எனக்கு அழுவதா, சண்டை போடுவதா என்று தெரியவில்லை. போட்டதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பாஸ் மார்க்குக்கு அந்தப் பக்கமும் விழலாம், இந்தப் பக்கமும் விழலாம்.

ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில்தான் ஊட்டியிலிருந்து ஒரு பெண் கிரச்சைப் பார்க்க வந்தார். இந்துமதி என்று பெயர். அண்ணி ஃபெயில் ஆனால் வரப்போகிறவர் அவர்தான். அன்றும் எனக்கு லீவு, நான் அங்கேதான் இருந்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அண்ணி அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு பிள்ளையாகக் காட்டினார். இவனுக்குப் பால் ஆறியிருக்கோணும். இவளுக்குக் காதைத் தடவிக் கொடுத்தால்தான் தூக்கம் வரும். இந்தக் குட்டி இருமினால் அவங்கம்மாவுக்கு உடனே சொல்லி அனுப்பிருங்க. எதையும் மறைக்கவில்லை, எதையும் விடவில்லை. இந்துமதி நல்ல மாதிரிதான், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் வெளியே போய்த் தண்ணீர் டேங்க் பக்கம் நின்று அழுதேன்.

ரிசல்ட் வந்த அன்று பேக்கரியில் கூட்டம். சீசன் நேரம், டூரிஸ்டுகள் வர்க்கிக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். கல்லாவுக்கு அடியில் போனை வைத்து அண்ணியின் பரீட்சை நம்பரைத் தட்டினேன். சுற்றியது, சுற்றியது, நின்றது. கணிதம், முப்பத்தேழு. முப்பத்தைந்து போதும். பில் கேட்டவரிடம் வேறொருவர் பில்லைக் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் வயிற்று வலி என்று சொல்லி ஓடிப்போய் பஸ் ஏறினேன்.

எஸ்டேட் ஸ்டாப்பில் இறங்கி மேட்டில் ஓடினேன். மூச்சு இரைத்தது. கதவைத் தள்ளி, "அண்ணி" என்று கத்த வாயைத் திறந்தேன். அண்ணி உதட்டில் விரலை வைத்தார்.

பிள்ளைகள் எல்லாம் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணி நடுவில் உட்கார்ந்து ஒன்றின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். நான் முட்டி போட்டு, பாய்களுக்கு நடுவே ஊர்ந்துபோய் அவர் காதில் சொன்னேன்.

"பாஸ்."

தடவிக்கொண்டிருந்த கை நின்றது. அண்ணி என்னைப் பார்த்தார். அந்த எஸ்டேட் முழுக்கக் கேட்கிற குரல் உள்ளவர், சத்தமே வராமல் அழுதார். தோள் மட்டும் குலுங்கியது. நானும் அழ ஆரம்பித்தேன், கொஞ்சம் சத்தமாக.

"உஸ்" என்றார் அண்ணி. "எந்திரிச்சுருவாங்க. அப்புறமா அழுதுக்கலாம்."

அப்படியும் பெனிஸ் எழுந்துவிட்டான். தலைமுடி நட்டுக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு அண்ணியிடம் வந்தான். அண்ணி அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அவன் காதில் சொன்னார், "நான் இங்கயேதான் இருக்கப்போறேன் கண்ணு. எங்கயும் போகலை."

"மூத்திரம்" என்றான் பெனிஸ்.

அண்ணி அவனை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். மார்க் எவ்வளவு என்று அன்றைக்கு இருட்டும்வரை அவர் கேட்கவே இல்லை.